சுத்தானந்த பாரதியார்: எழுத்தும் மொழிபெயர்ப்பும்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

கவியோகி சுத்தானந்த பாரதியார் 1897ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் சிவகங்கையில் பிறந்தார். பெற்றோர் ஜடாதரய்யர், காமாட்சி. பெற்றோர் வைத்த பெயர் வேங்கடசுப்பிரமணியன். அன்றைய சிவகங்கை மதுரை மாவட்டத்துக்குள் இருந்த ஒரு ஜமீன். 1910இல் அது இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1985இல்தான் தனி மாவட்டம் ஆனது. பிறந்த அந்த மண்ணிலேயே, சிவகங்கையை அடுத்த சோழபுரத்தில், 1990 மார்ச் 7 அன்று அவர் மறைந்தார். இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் கவிதை, கீர்த்தனை, நாடகம், வாழ்க்கை வரலாறு, கட்டுரை, மொழிபெயர்ப்பு எனத் தமிழில் ஏராளமான நூல்களை எழுதினார்.

பெயரை வைத்து அவரை மகாகவி சுப்பிரமணிய பாரதியாரோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மகாகவி 1882இல் பிறந்தவர். எட்டயபுரத்துப் புலவர் அவை இளம் வயதில் அளித்த பட்டம் அவருடைய 'பாரதி'. சுத்தானந்தருக்கோ அது துறவுப் பெயரின் ஒரு பகுதி. ஆனால் இருவருக்கும் பொதுவான ஊர் ஒன்று உண்டு, அது புதுச்சேரி. இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரும் உண்டு; அவர் வ.வே.சு. ஐயர்.

தேசிய இயக்கம் கொழுந்துவிட்ட காலத்தில் சுத்தானந்தர் பொதுவாழ்வுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கிருந்து வெளிவந்த 'பால பாரதி' இதழின் பணியில் சுத்தானந்தர் அவருக்குத் துணை நின்றார். வெடிகுண்டு அரசியலில் தொடங்கிய ஐயர், கடைசியில் ஊன்றி நின்றது இலக்கியத்தில். 1916இல் திருக்குறளை ஆங்கில உரைநடையில் வெளியிட்டார். கம்பனைப் பிற நாட்டுப் பெருங்கவிகளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார். தமிழைக் கற்றவன் உலக இலக்கியத்தையும் கற்க வேண்டும், கற்றதை இரு பக்கமும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கு ஐயரே கண்முன் இருந்த எடுத்துக்காட்டு. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் உயிரிழந்தார். அவர் தொடங்கி வைத்த இருவழிப் பணியைச் சுத்தானந்தர் பல மடங்கு பெருக்கினார்.

அரசியலிலிருந்து அவருடைய நாட்டம் ஆன்மிகத்துக்குத் திரும்பியது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் தங்கினார். 'ஸ்ரீ ரமண விஜயம்' என்னும் தமிழ் வாழ்க்கை வரலாறு அந்தத் தொடர்பின் விளைவு. பிறகு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார். அந்தக் காலத்தின் பெரும்பகுதி மௌன விரதம். பேச்சு நின்றதே தவிர எழுத்து நிற்கவில்லை. பெரும் நூல்கள் பலவும் அப்போது உருவானவையே. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். நீதிமன்றம், பள்ளிக்கூடம், கடைத்தெரு எங்கும் பிரெஞ்சு புழங்கியது. சமஸ்கிருதமும் ஆங்கிலமும் முன்பே கற்றிருந்தவருக்கு அந்தச் சூழலில் பிரெஞ்சும் வசப்பட்டது.

அதன் பயன் தமிழுக்கு வந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வந்தன. ரஷ்ய நாவலானாலும் பிரெஞ்சு நாடகமானாலும் கையில் கிடைத்த ஆங்கிலப் பதிப்பே மூலமாக இருந்தது. பிரெஞ்சு அறிந்து பிரெஞ்சு நூலைத் தமிழாக்கிய சிலருள் சுத்தானந்தர் முன்னோடி. விக்தோர் ஹ்யூகோவின் இரண்டு பெரிய நாவல்கள் அவரால் தமிழில் வந்தன. 1862இல் வெளியான 'லே மிசெராப்ளு' தமிழில் 'ஏழைபடும் பாடு' ஆயிற்று. 1869இல் வெளியான, சிரித்த முகமாகவே இருக்கும்படி வாய் சிதைக்கப்பட்ட ஒருவனின் கதை 'இளிச்சவாயன்' ஆயிற்று. (ஒரு மொழியின் மூலத்திலிருந்தே தமிழாக்கும் வழக்கம் பிற்காலத்தில் வலுப்பெற்றது. காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் வழியாகப் பிரெஞ்சிலிருந்தும், காஃப்காவின் 'விசாரணை' ஏ.வி. தனுஷ்கோடி வழியாக ஜெர்மனிலிருந்தும் நேராக வந்தவை.)

'ஏழைபடும் பாடு' தமிழ் வாசகர் நெஞ்சில் ஏன் தைத்தது என்பதற்கு நாவலின் ஒரு கட்டமே போதும். பசியால் வாடிய தமக்கை பிள்ளைகளுக்காக ரொட்டி திருடிய ழான் வல்ழான், தப்பிக்க முயன்ற குற்றங்களும் சேர்ந்து பத்தொன்பது ஆண்டு சிறையில் கழிக்கிறான். வெளியே வந்தவனுக்கு எந்த விடுதியும் இடம் தரவில்லை. ஒரு முதிய பாதிரியார் மட்டும் கதவைத் திறந்து, வெள்ளித் தட்டில் சோறிட்டு, படுக்கை போட்டுத் தருகிறார். இரவோடிரவாக அவன் அந்த வெள்ளிப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடுகிறான். மறுநாள் காவலர் பிடித்துவந்து நிறுத்தும்போது பாதிரியார், அவை தாம் கொடுத்தவை என்கிறார். விளக்குத் தண்டுகள் இரண்டையும் ஏன் விட்டுப் போனாய் என்று கேட்டு அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். தண்டனையால் திருந்தாதவன் அந்த இடத்தில் திருந்தத் தொடங்குகிறான். விருந்தோம்பலை அறமாகக் கொண்ட சமூகத்துக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

நூலின் வாழ்வு அச்சோடு நிற்கவில்லை. கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனம் 1950இல் 'ஏழை படும் பாடு' என்ற அதே பெயரில் திரைப்படம் வெளியிட்டது. இயக்கியவர் கே. ராம்நாத், நாயகன் வி. நாகையா. விடாது துரத்தும் காவல் அதிகாரி ழாவேராக நடித்த சீதாராமனுக்கு அந்த வேடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே அறியப்பட்டார். மொழிபெயர்ப்பு கதையைத் தமிழ் மொழிக்குள் கொண்டுவந்தது. திரைப்படம் அதைத் தமிழ் நிலத்துக்குள்ளும் ஆட்களுக்குள்ளும் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் அச்சேறியதில் செட்டிநாட்டு நகரத்தாரின் பங்கு பெரிது. பர்மா, மலேயாவில் லேவாதேவி செய்து ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி நகரத்தார் ஊர்களில் கோயில் திருப்பணியாக, பள்ளிக்கூடமாக, பதிப்பகமாகத் திரும்பி வந்தது. இராமச்சந்திரபுரத்து அன்பு நிலையம் சுத்தானந்தரின் நூல்கள் பலவற்றை வெளியிட்டது. இராயவரத்தில் பிறந்து ரங்கூனில் பணியாற்றித் திரும்பிய வை. கோவிந்தன் 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியர் சுத்தானந்தரே. கோவிந்தனின் சக்தி காரியாலயம் டால்ஸ்டாயின் 'இனி நாம் செய்ய வேண்டுவது யாது?' என்ற நூலோடு பதிப்புத் தொழிலில் இறங்கியது. மொழிபெயர்ப்பு நூலைக் கட்டும் அச்சும் சிறக்க, வாங்கக்கூடிய விலையில் தர முடியும் என்று காட்டிய நிறுவனம் அது. மொழிபெயர்ப்பாளனின் உழைப்பு வாசகன் கைக்குப் போய்ச் சேர, துணிந்து முதல் போடும் பதிப்பாளரும் வேண்டும். செட்டிநாட்டில் அந்த இரண்டும் ஒரே காலத்தில் கூடின.

சுத்தானந்தர் தமிழிலிருந்தும் வெளியே கொண்டுசென்றார். திருக்குறள் முழுவதையும், 1330 குறளையும், ஆங்கில ஈரடிகளாக ஆக்கினார். இதற்கு முன் ஜி.யு. போப் 1886இல் செய்யுளாகவும், வ.வே.சு. ஐயர் 1916இல் உரைநடையாகவும் மொழிபெயர்த்திருந்தனர். போப்பின் செய்யுளில் சொல் சில இடங்களில் மிகும்; ஐயரின் உரைநடையில் பொருள் தெளியும், ஓசை போய்விடும். ஏழே சீரில் முடியும் குறளின் சுருக்கம் ஆங்கிலத்திலும் தெரிய வேண்டும் என்பதே சுத்தானந்தரின் குறி. அதனால் இரண்டு குறுகிய அடி, கடைசியில் இயைபு, மிகையில்லாத சொல் என்ற கட்டுப்பாட்டைத் தமக்கே விதித்துக்கொண்டார். குறள் வடிவம் அவருக்குக் கைவந்ததற்கு வேறு சான்றும் உண்டு: யோக நெறியைச் சொல்லும் 'யோகசித்தி'யை அவர் தமிழில் குறள் வெண்பாவிலேயே இயற்றினார்.

இசையில் அவர் பெயர் இன்றும் மேடையில் ஒலிக்கிறது. தமிழில் கச்சேரிக்குப் போதிய உருப்படி இல்லை என்ற பேச்சு எழுந்த காலம் அது. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. அந்த இயக்கத்துக்குப் பாட்டு வேண்டியிருந்தது. சுத்தானந்தரிடம் பாட்டு இருந்தது. சைவ அடியார் நால்வர் பாடிய திறத்தை வியக்கும் 'எப்படிப் பாடினரோ' கர்நாடக தேவகாந்தாரியில் டி.கே. பட்டம்மாள் குரலில் நாடெங்கும் பரவியது. கீர்த்தனைகளின் தொகுப்பு 'கீர்த்தனாஞ்சலி' என்ற பெயரில் வந்தது.

அவர் தம் வாழ்நாள் பணியாகக் கருதியது 'பாரத சக்தி மகாகாவியம்'. ஏறக்குறைய ஐம்பதாயிரம் அடி கொண்டது. ஐந்து காண்டமாகப் பிரிந்தது. தெய்வ ஆற்றலுக்கும் அசுர ஆற்றலுக்கும் இடையே நடக்கும் போராட்டமே கதை. பல சமயங்களின் கருத்துகளும் உலகப் பெரியோரின் வாழ்வும் அதில் கலந்து வருகின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984இல் இந்நூலுக்கு இராசராசன் விருது வழங்கியது. அளவாலும் நடையாலும் இன்றைய வாசகருக்கு இது எளிய நூலன்று. தமிழில் இருபதாம் நூற்றாண்டிலும் பெருங்காப்பிய முயற்சி நடந்தது என்பதற்கு இது பெரிய சான்று.

புதுச்சேரியை விட்டபின் பல நாடுகளில் சொற்பொழிவாற்றினார். இறுதிக் காலத்தில் சோழபுரம் திரும்பி, அங்கே பள்ளிக்கூடம் அமைத்தார். 'ஆத்ம சோதனை' என்ற தன்வரலாறும் எழுதினார்.

படிக்கத் தொடங்குபவருக்கு ஏற்ற வரிசை இது: முதலில் 'ஏழைபடும் பாடு', அதைப் படித்த சூட்டோடு 1950இன் திரைப்படம். அடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளுக்கு அவருடைய ஆங்கில ஈரடிகள். பக்கத்தில் போப், ஐயர் இருவரின் பெயர்ப்பு. பின்னர் கீர்த்தனைகள் சில, 'ஆத்ம சோதனை'. மகாகாவியத்தைக் கடைசியில் எடுத்து, ஒரு காண்டத்தை மட்டும் நிதானமாக வாசிப்பது நல்லது.

அன்புடன்,
அண்ணன்