எரிந்துபோன மின்மோட்டாருக்குப் புதுச் சுருள் சுற்றுதல்

வீட்டுப் பட்டறைகளிலும் பள்ளிக் கைத்தொழிற் கூடங்களிலும் உள்ள துளையிடும் எந்திரம், சாணை எந்திரம், சிறு கடைசல் எந்திரம் ஆகியவற்றை இயக்குவது பெரும்பாலும் கால் அல்லது அரைக் குதிரைத் திறனுள்ள ஒற்றைக் கட்ட மின்மோட்டாரேயாகும். அதன் சுருள் கருகிவிட்டாலும் இரும்பு உள்ளகமும், அச்சும், தாங்கிகளும் பழுதின்றி இருப்பின், செப்புக் கம்பியையும் மின்காப்பையும் மாற்றி அதனை மீண்டும் பயன்படுத்தலாம். எனினும், எரிந்ததன் காரணத்தை அறியாமல் புதுச் சுருள் சுற்றுவோமாயின் அதுவும் விரைவில் எரிந்து, செலவும் உழைப்பும் வீணாகும்.

காரணம் காணுதல்

இவ்வகை மோட்டாரில் இரு சுருள்கள் உள்ளன. தடித்த கம்பியாலான ஓட்டச் சுருளில் எப்பொழுதும் மின்சாரம் பாயும். மெல்லிய கம்பியாலான துவக்கச் சுருள் சில விநாடிகளுக்கே உரியது. முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும் மையவிலக்கு ஸ்விட்சு அதனைத் துண்டித்துவிடும். ஆகவே, மெல்லிய சுருள் மட்டும் கருகியிருப்பின் அந்த ஸ்விட்சு திறக்கவில்லை என்று கொள்ளலாம். எல்லாச் சுருள்களும் ஒரே சீராகக் கறுத்திருப்பின் மிகுதியான பளு, குறைந்த மின்னழுத்தம், மரத்தூளால் அடைபட்ட காற்று வழி ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கலாம். ஒரு சுருள் மட்டும் எரிந்திருப்பின் அச்சுருளின் காப்பு பழுதுற்றிருக்கும். மின்காப்பு, தனக்குரிய வெப்பநிலைக்கு மேல் 8 முதல் 10 டிகிரி சூடேறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

குறிப்பெடுத்தல்

பழைய சுருளை வெட்டுவதற்கு முன், பெயர்த் தகட்டிலுள்ள விவரங்கள், காடிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு சுருளும் எக்காடியிலிருந்து எக்காடிக்குச் செல்கின்றது என்பது, இணைப்புகள் ஆகியவற்றைப் படம் வரைந்து குறித்தல் வேண்டும். 24 காடிகளும் 4 துருவங்களும் உள்ள மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு துருவத்திற்கு 6 காடிகள். அவை 180 மின் பாகைகளுக்குச் சமம். எனவே ஒரு காடிக்கு 30 பாகை. துவக்கச் சுருள் ஓட்டச் சுருளினின்றும் 90 பாகை, அதாவது 3 காடிகள், தள்ளி அமைந்திருக்கும்.

சுற்றுகளை எண்ணுவதில் பிழை நேரலாகாது. சுற்றுகள் குறைந்தால் இரும்பிலுள்ள காந்தப் பாயம் மிகுந்து, மோட்டார் பளுவின்றியே சூடேறும். கூடினால் இழுவைத் திறன் குறையும். கம்பியின் விட்டத்தை அதன் இனாமல் பூச்சை நீக்கிய பின்னரே மைக்ரோமீட்டரால் அளத்தல் வேண்டும். 20 எண் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ.; 26 எண் கம்பியின் விட்டம் 0.457 மி.மீ. விட்டம் பாதியாயினும் குறுக்குப் பரப்பு கால் பங்கேயாகும். ஆதலால் முன்னதற்கு ஈடாகப் பின்னதில் இரண்டு அல்ல, நான்கு இழைகள் வேண்டும்.

சுற்றும் முறை

பழைய சுருளை நெருப்பிலிட்டு எரிக்கும் வழக்கம் தீயது. கடும் வெப்பத்தால் இரும்புத் தகடுகளுக்கிடையேயுள்ள காப்பு அழிந்து, இரும்பிலேயே மின்சக்தி வீணாகின்றது. புகையும் உடலுக்குத் தீங்கானது. சுருளின் ஒரு புறத்தை உளியால் வெட்டி, மறுபுறத்திலிருந்து இழுத்தெடுப்பதே நலம்.

காடிகளைத் துப்புரவு செய்து காப்புத் தாள் இட்டு, மரஅச்சில் சுற்றிய சுருள்களை இனாமல் கீறாதவாறு பொருத்தி, மூங்கில் ஆப்பினால் மூடவேண்டும். அடுத்தடுத்த துருவங்கள் வடக்கு, தெற்கு என மாறி அமைய வேண்டும். இதனை அறிய, ரோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, ஓட்டச் சுருளில் பாட்டரியின் மின்சாரத்தைச் சற்று நேரம் செலுத்தி, உட்புறத்தில் திசைகாட்டியை மெல்ல நகர்த்துக. ஒவ்வொரு துருவத்திலும் ஊசி திசை மாறுதல் வேண்டும். மாணவர்களுக்குக் காட்டத்தக்க நல்ல சோதனை இது. பின்னர் நாடாவால் கட்டி, ஈரம் போக உலர்த்தி, வார்னிஷ் ஏற்றி, மீண்டும் சூட்டில் நன்றாக உலர்த்துக.

சோதனை

மின்சாரம் கொடுக்குமுன், 500 வோல்ட் மெகரால் சுருளுக்கும் இரும்புக் கூட்டிற்கும் இடையேயுள்ள தடையை அளக்க வேண்டும். அது 1 மெகோமுக்குக் குறையலாகாது. கூட்டினை நிலத்துடன் இணைக்காமல் ஓட்டுதல் உயிருக்கே ஆபத்தாகும். 50 சுழற்சி மின்சாரத்தில் 4 துருவ மோட்டார், பளுவின்றி, நிமிடத்திற்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். எதிர்த்திசையில் சுழன்றால் மின்தொடர்பை நீக்கிய பின் துவக்கச் சுருளின் இரு முனைகளை மட்டும் மாற்றி இணைத்தால் போதும். உறுமிக்கொண்டு சுழலாது நின்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துக.

இறுதியாக, கம்பியின் எண், சுற்றுகளின் தொகை, சுற்றிய தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி இணைப்புப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்தல் வேண்டும். பின்னர் அம்மோட்டாரைத் திறப்பவருக்கு அது பெரிதும் உதவும்.