மனச்சிதைவும் மருந்தும் வீட்டாரும்

கேள்வி: என் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டியில் ஒரு மில்லில் வேலை பார்த்து வந்தான். ஆறு மாதமாக வேலைக்குப் போவதில்லை; குளிப்பதில்லை; தனியாகச் சிரிக்கிறான், தனியாகப் பேசுகிறான். பக்கத்து வீட்டார் ராத்திரியெல்லாம் தன்னை ஏசுவதாகவும், அம்மா சோற்றில் மருந்து வைப்பதாகவும் சொல்கிறான். கோட்டி பிடித்துவிட்டது என்கிறது ஊர். கோடாங்கி செய்வினை என்கிறார். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் சிலர். கால்கட்டுப் போட்டால் சரியாகும் என்கிறார்கள் சிலர். நாங்கள் என்ன செய்வது?
- ஒரு வாசகி, மணியாச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாங்கள் எழுதியுள்ள லட்சணங்களை ஒருசேர வைத்து நோக்கினால், தங்கள் தம்பிக்கு வந்திருப்பது ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயாக இருக்கக்கூடும் என்றே தோன்றுகிறது. ஆயினும், தைராய்டுக் கோளாறு, வலிப்பு, மூளையைத் தாக்கும் காய்ச்சல், கஞ்சா முதலியவையும் இதே தோற்றத்தை உண்டாக்கவல்லவை ஆதலால், மருத்துவர் நேரில் பரிசோதித்து அவற்றை விலக்கிய பிறகே நோயை நிச்சயிக்க இயலும்.

இந்நோய் பெரும்பாலும் வாலிபப் பிராயத்தில் தொடங்குவது. ஆண்களுக்கு இருபதை ஒட்டியும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தியும் வரும். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதும், பிறர் தமக்குக் கேடு சூழ்கிறார்கள் என்று ஆதாரமின்றி உறுதியாக நம்புவதும், பேச்சு கோவையற்றுப் போவதும் இதன் வெளிப்படையான குறிகள். நமக்குப் பிரமையாகத் தோன்றும் அக்குரல் அவர் செவிக்கு மெய்யாகவே கேட்கிறது. ஆகையால் அவரோடு வாதாடி வெல்ல முயலாமல், ஆமென்று ஒத்துப்பாடவும் செய்யாமல், அவருடைய அச்சம் தங்களுக்கு விளங்குகிறது என்பதை மட்டும் அன்போடு சொல்லுங்கள். குளிக்காமலும் பேசாமலும் உற்சாகமின்றிப் படுத்துக் கிடப்பதும் நோயின் மற்றொரு கூறே. அதைச் சோம்பல் என்று எண்ணி ஏசும் வீடுகள் பல. ஏச்சும் குத்தலும் மிகுந்த வீட்டில் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று லண்டனிலும் சண்டிகரிலும் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

காரணம் செய்வினையன்று, பெற்றோர் வளர்த்த விதமுமன்று. பரம்பரைக் கூறு, கருவிலும் பிறப்பிலும் நேரும் இடையூறுகள், கஞ்சாப் பழக்கம், கடும் வாழ்க்கை நெருக்கடி ஆகிய பலவும் கூடி, மூளையில் டோபமின் முதலிய ரசாயனங்களின் கிரமத்தைக் குலைக்கின்றன. 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் இந்நோய்க்குப் பயன்படுத்தப்பட்டதிலிருந்து சிகிச்சையின் போக்கே மாறிற்று. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் உண்டு. சோற்றையே சந்தேகிக்கும் நோயாளிக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. தூக்கமும் அமைதியும் சில நாட்களில் திரும்பும். குரல்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகும். கை நடுக்கம், உடல் பருத்தல், சர்க்கரை ஏறுதல் போன்ற பக்கவிளைவுகள் நேர்ந்தால், மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏர்வாடியைப் பற்றிக் கேட்டீர்கள். பிரார்த்தனையால் தாயார் மனம் ஆறுதல் பெறுமாயின் அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் மருந்துக்குப் பதிலாகப் பிரார்த்தனை என்பதும், சங்கிலி என்பதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று அவ்வூரில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடை செய்திருக்கிறது.

மணியாச்சி சந்திப்பிலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் பிரிகிறது. இரண்டு ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனையும் பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும்படி குரல் ஏவுவதாக அவர் சொன்னால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு இந்த நோய் இருக்கிறது. எனக்கு வரன் பார்க்கிறார்கள். எனக்கும் வருமா? அண்ணனுக்குக் கல்யாணம் செய்யலாமா?
- ஒரு வாசகி, கடம்பூர்

பதில்: பொதுவாக நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகவே காணப்படும் இந்நோய், உடன்பிறந்தவருக்கு இருக்கும் நிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வருகிறது, அதாவது நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு வருவதில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரிலும் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆகவே அண்ணனை ஒளித்துவைக்கவும் வேண்டாம். தங்கள் வாழ்வை அச்சத்துக்கு ஈடு வைக்கவும் வேண்டாம். அண்ணனின் விவாகத்தைப் பொறுத்தமட்டில், அது சிகிச்சையாகாது. நோய் அடங்கி, அவர் தாமே விரும்பி, மருந்தும் தொடர்ந்து, பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் உண்மை முழுவதும் முன்னதாகவே சொல்லப்பட்டிருந்தால் செய்யலாம். மறைத்துச் செய்த கல்யாணத்தில் நோய் மீளும்போது, நோயாளி ஒருவரே பட்ட துன்பத்தை ஒன்றுமறியாத ஒரு பெண்ணும் சுமக்க நேரிடுகிறது.

கேள்வி: இதே நோய் கண்ட என் மகன் எட்டு மாதமாக நன்றாக இருக்கிறான். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- ஒரு தந்தை, எட்டயபுரம்

பதில்: ஐயா, மழை நின்ற பின்னும் கரிசலின் அடிஈரத்தால் பயிர் சில வாரம் பசுமையாக நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள், மாத்திரை நின்ற பின் சில காலம் மகன் நன்றாயிருப்பதும் அவ்வண்ணமே. நிறுத்தியவர்களில் மூன்றில் இருவருக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீள்வது கடினமாகலாம். முதல்முறை வந்த நோயாயினும், குணமான பின் ஓரிரு ஆண்டுகளேனும் மருந்து தொடர வேண்டும். அதன் பின்னும் குறைப்பது மருத்துவர் மேற்பார்வையிலேயே நடக்க வேண்டும்.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை; நம்பிக்கைக்கும் இடமுண்டு. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், மருந்தோடு தொழிற்பயிற்சியையும் குடும்பத்தாருக்கு ஆலோசனையையும் சேர்த்து அளித்து வருகிறது. சென்னையில் 1981 முதல் தொண்ணூறு நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் தாரா குழுவினர், அவர்களில் பெரும்பாலோர் தேறியதைக் கண்டனர். தங்கள் மகனும் மாத்திரையோடு ஒரு வேலையும், வீட்டில் தமக்குரிய மரியாதையும் பெற்றால் அவ்வரிசையில் சேரலாம். ஆகவே மாத்திரையைத் தொடருங்கள். அவருக்கு ஏற்ற வேலையையும் இப்பொழுதே தேடத் தொடங்குங்கள்.