வந்த வழியை எண்ணிப் பார்த்தல்

வயது அறுபதைத் தாண்டியவர் மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்தால் மனம் தானாகவே பின்னால் போகும். அப்போது முதலில் எழுந்து வருவது பெரும்பாலும் குறைதான். கொடுத்துத் திரும்பாத கடன், பங்கு தராத அண்ணன், பாதியில் நின்ற படிப்பு, காலத்துக்கு முன்பே போய்விட்ட பிள்ளை. "இத்தனை வருஷம் பதிக்கு நடந்தேனே, அய்யா எனக்கு என்ன தந்தார்?" என்ற கேள்வி வாய்க்கு வராவிட்டாலும் நெஞ்சில் நிற்கும். அதைப் பாவம் என்று அடக்க வேண்டியதில்லை. சரியாகக் கேட்கப் பழகினால் போதும்.

கல் காட்டும் கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், சுமார் 950 ஆண்டுகளுக்கு முன் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் மாணவர் விடுதியும், 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையும் நடந்ததை அது சொல்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை.

அந்தக் கல் வைத்தியரோடு நின்றுவிடவில்லை. அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனித்த பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவரையும் எண்ணி, அவரவருக்கு உரிய நெல்லையும் எழுதி வைத்திருக்கிறது. நோய் தீர்ந்து எழுந்த மாணவன் வைத்தியரைக் கும்பிட்டிருப்பான். மூலிகை பறித்து வந்தவரை அவன் பார்த்தே இருக்க மாட்டான். கல் அவரையும் மறக்கவில்லை.

காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு இது எளிதில் விளங்கும். சேலையை நெய்தது அவர் கைதான். ஆனால் பட்டை முறுக்கியவர், சாயம் போட்டவர், பாவு ஓட்டியவர் இல்லாமல் அவர் தறியில் உட்காரவே முடியாது. ஒரு மனிதனின் வாழ்வும் அப்படித்தான். அய்யா தந்தது என்ன என்று தேடுபவர், அவர் யார் கையால் கொடுத்து அனுப்பினார் என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கட்டணத்தைக் கட்டிய மாமா, காய்ச்சலில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, வேலை இல்லாத நாளில் அரிசி கடன் தந்த கடைக்காரர். குறைகளின் கணக்கில் இவர்கள் பெயர் வருவதே இல்லை.

நன்றி என்பது அடங்கிப்போவது அல்ல

"பட்ட துன்பத்துக்குமா நன்றி சொல்வது?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு அகிலத்திரட்டு அம்மானையே வழி காட்டுகிறது. கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27-ல் அரிகோபாலன் சீடர் மூலம் எழுத்தில் வந்த இந்தத் திருஏடு, வரப்போகும் தர்மயுகத்தைச் சொல்வதற்கு முன் நீடியயுகம் முதல் கலியுகம் வரை நடந்தவற்றைத் திரும்பிப் பார்க்கிறது. சான்றோர் மக்கள் பட்ட வரிக்கொடுமையும் கூலியில்லா ஊழியமும் அதில் இருக்கின்றன. அய்யா சிங்காரத்தோப்பில் சிறையிருந்ததும் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. கொடுமையை நன்மை என்றும் சொல்லவில்லை. அத்தனைக்கும் நடுவில் நாராயணர் தம் மக்களைக் கைவிடவில்லை என்று காட்டுகிறது.

தலைவரி வாங்கியவர்களுக்கு நன்றி சொல்லும்படி அய்யா கற்பிக்கவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லோரும் ஒரே தண்ணீரை எடுக்க வைத்தார். வாகைப்பதியில் 700 குடும்பத்தார் துவையல் தவசு இருந்து தூய்மையையும் ஒற்றுமையையும் பழகினார்கள். ஆகவே தீங்கு செய்தவனுக்கு அன்பர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீங்கிலும் உடைந்து போகாமல் தாங்கிய அய்யாவுக்கே நன்றி. பிள்ளையை இழந்த தாயிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வதும் அய்யாவழி ஆகாது. அவளோடு உட்கார்ந்திருப்பதே பணிவிடை.

கண்ணாடி முன் நிற்கும்போது

பதியின் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதை எல்லோரும் அறிவர். தனக்குள் இருக்கும் இறைவனைக் காண்பதற்காக அது அங்கே இருக்கிறது. நரைத்த தலையோடு அதன் முன் நிற்பவர், இந்த முகத்தை இத்தனை காலம் காத்தவர் உள்ளேயே இருந்தார் என்று உணர்ந்தால், அன்றைய தரிசனம் நிறைவானது.

வீட்டில் சிந்திக்க

1. உதவி செய்தும் ஒருமுறைகூட நன்றி கேளாதவர் யார்?
2. அவர் இன்று உயிரோடு இருந்தால், போய்ப் பார்த்து வர எத்தனை நாள் ஆகும்?
3. அவர் இல்லையென்றால், அவர் செய்த அதே உதவியை இன்று யாருக்குச் செய்யலாம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உகப்படிப்பு முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் பேசலாம். பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். தாத்தா பட்ட கஷ்டம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தாத்தாவைத் தூக்கிவிட்ட கைகளையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித் தெரிந்த பிள்ளை, நாளை இன்னொருவருக்குக் கை கொடுக்கும். அய்யா சொன்ன தர்மம் வீட்டில் தொடங்குவது இப்படித்தான்.

அய்யா உண்டு.