கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிக்குக் கோலம்

மார்கழி மாத விடியற்காலையில் வேங்கிக்கால் தெருக்களில் நடந்தால் வாசலுக்கு வாசல் சிக்குக் கோலங்களைக் காணலாம். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் கோடு, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. சில கோலங்கள் ஒரே கோட்டால் ஆனவை. வேறு சிலவற்றில் இரண்டு மூன்று தனிக்கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மாணவ நண்பர்களே, எத்தனை கோடுகள் வரும் என்பதைக் கோலம் போடத் தொடங்கும் முன்பே சொல்லிவிட முடியுமா?

இதைக் கணிப்பொறித் திரையில் வரைந்தே பார்க்கலாம். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ‘பெயின்ட்’ போன்ற எளிய வரையும் நிரல் ஒன்று போதும்.

திரை என்பது மிகச் சிறிய சதுரங்களை நெருக்கமாக அடுக்கிய பரப்பு. அச்சதுரம் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது, மேலிருந்து எத்தனையாவது என்ற இரண்டு எண்கள் அதன் இடத்தைக் குறிக்கின்றன. உங்கள் வரைபடத் தாளில் செங்குத்து அச்சின் எண்கள் மேல்நோக்கிக் கூடும். இங்கே கீழ்நோக்கிக் கூடுகின்றன. முதலில் சற்றுக் குழப்பும், பிறகு பழகிவிடும். சுட்டியை நகர்த்தும்போது இவ்விரு எண்களும் பெயின்ட்டின் அடிப்பட்டையில் தெரியும்.

இடமிருந்து 100, மேலிருந்து 100 என்ற இடத்தில் தொடங்கி, 340, 420 என்ற இடத்தில் முடியும் செவ்வகம் ஒன்றை வெளிர் சாம்பல் நிறத்தில் வரையுங்கள். அதனுள் 80 பிக்சல் இடைவெளியில், வரிசைக்கு 3 புள்ளியாக 4 வரிசை வையுங்கள். முதல் புள்ளி (140, 140) என்ற இடத்தில் அமையட்டும். கடைசிப் புள்ளி (300, 380) என்ற இடத்தில் வரும். இப்போது செவ்வகத்தின் நான்கு பக்கங்களும் கண்ணாடிகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இடச்சுவரில் (100, 140) என்ற இடத்திலிருந்து வலப்பக்கம் கீழ்நோக்கி 45 பாகையில் ஓர் ஒளிக்கதிரை விடுவோம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோடு இழுத்தால் அது சாய்வு பிசகாமல் நிற்கும். கதிர் (340, 380) என்ற இடத்தில் வலச்சுவரில் மோதும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே அது அங்கிருந்து (300, 420)க்கும், பின் (100, 220)க்கும், பின் (220, 100)க்கும் செல்லும். மேலே நான் சொல்ல வேண்டியதில்லை, கதிரே வழிகாட்டும். 14ஆவது கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடியும். எல்லாப் புள்ளிகளையும் சுற்றியாகிவிட்டது. ஒரே கோடு!

அடுத்து, 3 புள்ளிக்கு 3 வரிசை வைத்துப் பாருங்கள். செவ்வகம் (340, 340) என்ற இடத்தில் முடியும் சதுரமாகும். அதே இடத்திலிருந்து புறப்பட்ட கதிர் நான்கே கோடுகளில் வீடு திரும்பிவிடுகிறது. பல புள்ளிகளைச் சுற்றி இன்னும் வேலை மிச்சம். நிறத்தை மாற்றி (100, 220) என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள். மறுபடி நிறத்தை மாற்றி (100, 300) என்ற இடத்திலிருந்தும் தொடங்குங்கள். மூன்று நிறங்கள், மூன்று தனிக்கோடுகள். புள்ளிகள் குறைந்தும் கோடுகள் ஏன் கூடின?

ஒரு விசையைக் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என்று பிரிப்பதுபோலக் கதிரின் நகர்வையும் பிரிப்போம். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஓர் அலகு. முதல் பெட்டியில் கிடைக்கூறு 3 அலகு போய் 3 அலகு திரும்புகிறது. 6 அலகுக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வரும். செங்குத்துக்கூறு 8 அலகுக்கு ஒருமுறை வரும். சாய்வு 45 பாகை என்பதால் இரண்டும் சம வேகத்தில் நகர்கின்றன. எனவே இரண்டும் ஒருசேரப் பழைய நிலையை அடைவது 6, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 24 அலகில்தான்.

கோலம் முழுவதிலும் எவ்வளவு கோடு இருக்கிறது? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாய்ந்து நிற்கும் சிறு சதுரம் ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தின் கிடைக்கூறு அரை அலகு. நான்கு பக்கங்களுக்கு 2 அலகு. 12 புள்ளிகளுக்கு 24 அலகு. அந்த 24 அலகையும் முதல் கோடே எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாவது பெட்டியிலோ மொத்தம் 18 அலகு. ஒரு கோடு 6 அலகிலேயே மூடிக்கொள்கிறது. ஆகவே மூன்று கோடுகள். எந்தச் செவ்வகத்துக்கும் இவ்வாறே கணக்கிட்டால், கோடுகளின் எண்ணிக்கை இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம் என்று கிடைக்கும். (நம் கதிர் மூலையில் ஒருபோதும் மோதுவதில்லை. மோதினால் வந்த வழியே திரும்பிக் கணக்கைக் கெடுத்திருக்கும்.)

அப்படியானால் சதுரமாகப் புள்ளி வைத்து ஒரே கோட்டில் முடிக்க முடியாதா? முடியும். இரு நிறக் கோடுகள் குறுக்கிடும் ஓரிடத்தை அழித்து, அவை வெட்டிக்கொள்ளாமல் வளைந்து விலகும்படி மாற்றி இணையுங்கள். இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். உங்கள் 3 புள்ளிச் சதுரத்தில், மேல் வரிசையின் முதல் இரு புள்ளிகளுக்கு நடுவிலும் கடைசி இரு புள்ளிகளுக்கு நடுவிலும் இவ்வாறு செய்தால் மூன்றும் ஒரே கோடாகும். இடவலச் சமச்சீரும் கெடாது. நம் வீட்டுப் பெண்களின் கைகள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

கோலத்தில் விதிகள் ஒளிந்திருப்பதைக் கணிப்பொறி அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டினரே. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974இல் இதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் அமைக்கலாம். ஒரு சிறு கோலமும் சில மாற்று விதிகளும் இருந்தால், படிப்படியாகப் பெரிதாகும் ஒரு கோலக் குடும்பமே பிறக்கும் என்பது அவர்கள் கண்ட வழி. நம் பள்ளிகளில் கணிப்பொறியே இல்லாத காலம் அது!

கோலம் முடிந்ததும் வண்ண வாளியை எடுங்கள். புள்ளி உள்ள அறைகளுக்கு ஒரு நிறம், வெற்றறைகளுக்கு மற்றொன்று. வாளி, தொட்ட பிக்சலிலிருந்து அதே நிறமுள்ள அண்டைப் பிக்சல்களுக்குத் தண்ணீர்போலப் பரவும். கோட்டில் ஒரு பிக்சல் விட்டுப்போயிருந்தாலும் நிறம் அடுத்த அறைக்குள் பாய்ந்துவிடும். உடனே மீட்புக் கட்டளை கொடுத்து, படத்தைப் பெரிதாக்கி அந்த ஓட்டையைத் தேடி அடையுங்கள். பிறகு 4க்கு 6 புள்ளிகள் வைத்து, எத்தனை நிறங்கள் தேவைப்படும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு வரையத் தொடங்குங்கள். 1-3-5-3-1 என்று வைக்கும் கோலத்துக்கு நம் விதி அப்படியே பொருந்தாது. அந்தப் பெட்டிக்குக் கண்ணாடிகளை எப்படி நிறுத்துவது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.