கொரங்காடும் மண்ணின் கரிமமும்

நுழையும்முன்

மேய்ச்சல் நிலத்தில் எத்தனை மாடுகள் மேய்கின்றன என்று கேட்பவர், மேய்ந்தபின் அந்நிலம் எத்தனை நாள் ஓய்ந்திருந்தது என்றும் கேட்கவேண்டும். மண்ணில் கரிமம் தங்குவது பெரிதும் அந்த ஓய்வைப் பொறுத்தது. கொங்கு நாட்டின் கொரங்காடு இதற்கு நல்ல சான்று.

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் மழை குறைவு. உழவுக்கு முழுதும் ஒத்துவராத நிலங்களை அப்பகுதி வேளாண்குடிகள் மேய்ச்சலுக்கெனவே பேணினர், அவையே கொரங்காடுகள். காங்கேயம் காளைகள் வளர்ந்தது இங்கேதான். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மரத்தின் நிழல் மாட்டுக்கு, நெற்று ஆட்டுக்கு. வேலியால் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒரு காட்டின் படலை அடைத்து, மற்றொன்றைத் திறந்துவிட முடிகிறது.

இவ்வாறு அடைத்துவைப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. புல்லின் இலை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுச் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பங்கு வேருக்கு இறங்குகிறது. வேர் கசியவிடும் சாறும் மடிந்த வேரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. எஞ்சுவதில் ஒரு பகுதி களிமண் துகள்களோடு பிணைந்து நெடுங்காலம் தங்குகிறது. மாடு மேய்ந்ததும் இலை குறைகிறது. வேரின் வளர்ச்சி தளர்கிறது. ஓய்வு கிடைத்தால் இரண்டும் மீள்கின்றன. துளிர்க்குமுன்பே மீண்டும் மேய்ந்தால் வேர் குறுகித் தூர் அழியும். வெறுமையான மேல்மண்ணை மழைநீர் அரித்துச்செல்லும். சாணமும் மண்ணுக்கு நல்லதே. எனினும் அது புதிய கரிமத்தைக் கொண்டுவருவதில்லை; புல் சேர்த்ததில் ஒரு பங்கையே திருப்பித் தருகிறது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழம்வரையுள்ள மண் ஏறத்தாழ 4,000 டன் எடையுள்ளது. அதில் கரிமம் 0.1 விழுக்காடு கூடினாலே 4 டன் சேர்ந்ததாகும். ஆனால் இந்தச் சேர்க்கை பல்லாண்டுகள் மெல்ல நடப்பது. ஓர் அளவுக்குப்பின் நின்றும்விடும். மாடுகள் வெளிவிடும் மீத்தேனையும் கணக்கில் கொள்ளவேண்டும். மேய்ச்சலை முறைப்படுத்தினாலே புவி வெப்பம் தணிந்துவிடும் என்பது மிகைக்கூற்று.

சேர்ந்ததை இழப்பதோ எளிது. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் கமலைக்கும் வண்டிக்கும் காளைகள் வேண்டியிராமற் போயின. மாடு குறையவே, கொரங்காடுகள் சில வீட்டுமனைகளாயின. தோண்டிப் புரட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் கரிமத்தை விரைந்து சிதைக்க, அது மீண்டும் காற்றில் கலக்கிறது. எஞ்சிய காடுகளைக் காப்போர், கிளுவைப் போத்துகளை நட்டு வேலியின் இடைவெளிகளை அடைக்கின்றனர்.