நுளம்பும் பூச்சிநாசினியும்

கமக்காரர்களே,

முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் அஞ்சிய மலேரியா, 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. பின்னர் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். கண்காணிப்புத் தளர்ந்ததும் நோய் மீண்டும் பரவி, 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் நோயைக் காவும் நுளம்பு ஒழியவில்லை.

இதற்கும் கமத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே நாசினியைத் தேவையின்றி அடிக்கடி வயலுக்கு விசிறினால், வயல்நீரில் வாழும் குடம்பிகளுள் வலியவை தப்பிப் பெருகும். பின்பு சுகாதாரப் பகுதியினர் அவ்வினத்து மருந்தைத் தெளித்தாலும் நுளம்பு சாவதில்லை. வீடுகளில் தெளித்த டி.டி.ரி.க்கே அது தாக்குப்பிடிக்கப் பழகியமையால், 1977 இல் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. அன்றியும், குடம்பிகளைத் தின்னும் தும்பிக் குஞ்சுகளும் சிறு மீன்களும் நாசினியால் மடிகின்றன. ஆதலின் பூச்சியைக் கண்ட பின்னரே, அதுவும் சேதம் மிகுந்தால் மட்டுமே, மருந்தை நாடுக.

2016 இன் இறுதியில் மன்னாரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு, கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுவது. குடம்பியைக் கொல்லலாம் என்றெண்ணி, எஞ்சிய பயிர்மருந்தை ஒருபோதும் கிணற்றில் ஊற்றாதீர்கள். அது உங்கள் பிள்ளைகள் குடிக்கும் நீர். கிணற்றை வலையால் மூடுங்கள். கப்பி மீன் விடுங்கள். பாவியாத தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

மருந்தைக் கலக்கும்போதே ஆபத்து அதிகம்; அப்போது கையிற் படுவது நீர் சேராத கடும் நஞ்சு. வெறுங்கையாற் கலக்குவது பலருடைய வழக்கம்; அதனைத் துணிச்சல் என்று கொள்ளுதல் பேதைமை. நஞ்சு தோல் வழியாகவும் உட்புகும். றப்பர்க் கையுறையும் நீண்ட உடையும் அணிந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி விசிறுங்கள். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்காதீர்கள்.

விசிறியபின் தலைவலி, வாந்தி, மிகுந்த வியர்வை, வாய்நீர் ஊறுதல், கண்மணி சுருங்குதல் என்பன தோன்றினால், உடையைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்த்துண்டுடன் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

குளிரும் நடுக்கமும் கூடிய காய்ச்சல் வேறு. இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ சென்று திரும்பியவருக்கு அது கண்டால், மருந்து விசிறிய களைப்பென்று படுத்திராமல், பயணத்தை வைத்தியரிடம் சொல்லி அன்றே இரத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும்.