நிலம், பயிர், கடன்: மூன்றின் காலமும் பொருந்த வேண்டும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் கடைத்தெருக்களாகவும் விளங்கும் இடங்கள் பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பங்சார் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் 1970களின் பிற்பகுதியில் சுபாங் ஜெயா எழுந்தது. மரங்கள் சாய்ந்தபோது பால்மரம் வெட்டிய கைகள் லாரி ஓட்டவும், தொழிற்சாலைகளில் காவல் நிற்கவும் சென்றன. ஆயினும் தலைமுறை தலைமுறையாக மண்ணோடு பழகியவர் மனத்தில், "நமக்கென்று ஓர் ஏக்கர் இருந்தால் பயிரிட்டுப் பிழைக்கலாமே" என்னும் எண்ணம் மறைந்துவிடவில்லை.

"விவசாயம் தொடங்குவோர்க்கு அரசாங்கம் கடன் தருகிறதாமே, பாரம் எங்கே வாங்குவது?" என்று கேட்போர் பலர். பாரம் வாங்குவது எளிது. அதைப் பூர்த்தி செய்வதும் அத்துணைக் கடினமன்று. ஆனால் பாரத்தைக் கேட்பதற்கு முன் மூன்று வினாக்களுக்கு நாம் விடை கண்டாக வேண்டும். நிலம் எத்தனை காலம் நம் கையில் இருக்கும்? பயிர் எத்தனை காலத்தில் பலன் தரும்? கடனை எத்தனை காலத்திற்குள் அடைக்க வேண்டும்? இம்மூன்று காலங்களும் ஒன்றோடொன்று பொருந்தினால் கடன் ஓர் ஏணி. பொருந்தாவிடில் அதுவே சுமையாகிவிடும்.

நிலத்தின் காலம்

தோட்ட மக்கள் பலர் லயத்துப் பின்புறத்திலும், ஆற்றங்கரையிலும், உயர் மின்னழுத்தக் கம்பிகள் செல்லும் வழியிலும் கீரையும் வெண்டையும் பயிரிட்டு வந்துள்ளனர். நிர்வாகி வாய்மொழியாகத் தந்த அனுமதியே பெரும்பாலும் அவர்களுக்கிருந்த உரிமை. வீட்டுத் தேவைக்கு இது போதும். கடன் வாங்கிச் செய்யும் விவசாயத்திற்கு இது போதாது. தோட்டம் விற்கப்பட்டால் பயிர் போய்விடும். கடன் மட்டும் நம்மிடம் நிற்கும்.

நிலம் நம் கையில் இருப்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் அதற்குச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, அரசாங்க நிலத்திற்கு மாவட்ட நில அலுவலகம் வழங்கும் தற்காலிக நில உரிமம். இதனை மக்கள் "டி.ஓ.எல்." என்று குறிப்பிடுவர். எந்த மாதத்தில் பெற்றாலும் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு அது முடிவடையும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதனைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க இயலாது. உரிமம் பெற்றவர் காலமானால் உரிமமும் முடிவுறும். பிள்ளைகளுக்கு அது தானாகச் சேராது.

இரண்டாவது, தனியார் நிலத்தை வாடகைக்கு எடுப்பது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. எனினும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து முத்திரை வரி செலுத்துவதே முறை. நிலப்பட்டாவில் அவ்வாடகையைக் குறித்து வைக்கும்படியும் நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்வாறு குறிக்கப்பட்டால், நிலத்தை உரிமையாளர் வேறொருவருக்கு விற்றாலும் வாடகைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. செலவு சிறிது, பயன் பெரிது.

மூன்றாவது, மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை. இதனை நில அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். நீண்ட காலப் பயிருக்கு இதுவே ஏற்றது.

பயிரின் காலம்

ரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எண்ணெய்ப்பனை ஏறத்தாழ முப்பது மாதங்களில் குலை தரத் தொடங்கும். அன்னாசிக்கு ஓராண்டுக்கு மேல் வேண்டும். வாழை பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் தார் தரும். மிளகாய் மூன்று மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். வெண்டையும் பயற்றங்காயும் ஏறத்தாழ ஐம்பது நாள். கீரைக்கு நான்கு வாரம் போதும்.

டி.ஓ.எல். நிலத்தில் எண்ணெய்ப்பனை நடுபவர், ஓராண்டு உரிமத்தை நம்பி இருபத்தைந்து ஆண்டுப் பயிரை நடுகிறார். அதே நிலத்தில் கீரையும் வெண்டையும் பயிரிடுபவர், உரிமம் முடிவதற்குள் பல முறை அறுவடை செய்துவிடுகிறார். இருவருக்கும் நிலம் ஒன்றே, ஆபத்து ஒன்றன்று.

மண்ணையும் அறிந்திருக்க வேண்டும். கிள்ளான், கோல லங்காட் கரையோரப் பகுதிகளில் "கம்புட்" எனப்படும் சதுப்புக் கருமண் மிகுதி. அது புளிப்புத்தன்மை மிக்கது. சுண்ணாம்பு இடாமலும் வடிகால் வெட்டாமலும் அதில் காய்கறி செழிப்பதில்லை. இச்செலவைக் கணக்கில் சேர்க்காமல் கடன் கேட்டவர், பாதி வழியில் பணமின்றி நின்றுவிடுவார். மண்ணைப் பற்றி மாவட்ட விவசாய இலாகாவில் ஆலோசனை கேட்கலாம். 1969இல் அமைக்கப்பட்டு செர்டாங்கில் இயங்கிவரும் மார்டி ஆராய்ச்சிக் கழகம் விதை, நோய், பயிர்முறை ஆகியவை பற்றிய செய்திகளை வெளியிட்டு வருகிறது.

கடன் தரும் நிலையங்கள்

விவசாயத்திற்கென்றே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது மலேசிய விவசாய வங்கி. 2008இல் அது நிறுவனமாக்கப்பட்டு அக்ரோ பேங்க் என்னும் பெயர் பெற்றது. 2015 முதல் முழுமையான இஸ்லாமிய வங்கியாக இயங்குகிறது. ஆகையால் அங்கு "வட்டி" என்ற சொல்லுக்குப் பதில் "இலாப விகிதம்" என்ற சொல்லைக் காண்போம். முஸ்லிம் அல்லாதாரும் அங்குக் கடனுதவி பெறலாம்.

சிறு தொழில் தொடங்குவோர்க்கென 1998இல் தோன்றியது தெக்குன் நேஷனல். இந்திய சமூகத்தாருக்கான "ஸ்புமி" திட்டம் அதன்கீழ் நடத்தப்படுகிறது. பெரிய சொத்தை அடகு வைக்க இயலாதவர்கள் முதலில் விசாரிக்கவேண்டிய இடம் இது.

குறைந்த வருமானக் குடும்பப் பெண்களுக்கு அமானா இக்தியார் உண்டு. வங்காள தேசத்துக் கிராமீன் வங்கியின் முறையைத் தழுவி 1986இல் சிலாங்கூரின் வடமேற்கில் சோதனையாகத் தொடங்கி, 1987இல் நிறுவனமாயிற்று. அடமானமின்றி, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் துணை நின்று கடனை அடைப்பது இதன் முறை. 2024இல் இந்தியப் பெண்களுக்கென 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் "பெண்" என்னும் திட்டம் இங்குத் தொடங்கப்பட்டது.

இந்நிலையங்களின் உச்சத் தொகையும், விகிதமும், வயது வரம்பும் அவ்வப்போது மாறும். ஆகவே பிறர் சொல்லக் கேட்டதை நம்பாமல், கிளை அலுவலகத்திற்கு நேரில் சென்று கேட்டறிவதே நன்று. இக்கடனுதவிகள் குடிமக்களுக்கு உரியவை. குடும்பத்தில் எவரேனும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையுடன் இருப்பின், அதற்குத் தீர்வு காணும் முயற்சியைத் தள்ளிப்போடலாகாது.

கணக்குப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஒருவர் 6,000 வெள்ளியை மூன்றாண்டுத் தவணைக்கு, ஆண்டுக்கு நூற்றுக்கு 4 என்னும் நிலையான விகிதத்தில் பெறுகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 240 வெள்ளி வீதம் மூன்றாண்டுக்கு 720 வெள்ளி. மொத்தம் 6,720 வெள்ளி. இதனை 36 மாதங்களால் வகுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 187 வெள்ளி.

அடுத்த மாதமே தவணை தொடங்குமானால் என்ன நேரும்? வெண்டை பயிரிட்டவர் முதல் பறிப்புக்கு முன் இரண்டு தவணை கட்டுவார். எச்சரிக்கையாக மூன்று தவணைக்குரிய 560 வெள்ளியை ஒதுக்கி வைத்தால் அவர் தப்பிப்பார். வாழை நட்டவர் முதல் தாரைக் காணுமுன் பன்னிரண்டு தவணை, அதாவது 2,240 வெள்ளி கட்டியிருப்பார். எண்ணெய்ப்பனை நட்டவரோ முப்பது தவணையில் 5,600 வெள்ளி கட்டிய பின்பே முதல் குலையை வெட்டுவார். வாங்கிய கடன் ஏறக்குறைய முழுவதையும் வேறு வருமானத்திலிருந்து அடைத்தவராகிறார்!

ஆகையால் கடன் அதிகாரியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தருவீர்கள்?" என்பதன்று. "தவணை எந்த மாதம் தொடங்கும்? அறுவடை வரையில் அவகாசம் உண்டா?" என்பதே. அவகாசம் இல்லையெனில், தவணையைச் சம்பளத்திலிருந்து கட்ட இயலுமா என்று பார்க்கவேண்டும். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மேற்சொன்ன 187 வெள்ளி அதில் ஒன்பதில் ஒரு பங்கு. வேலையை உடனே விட்டுவிடாமல், மாலை நேரத்திலும் ஓய்வு நாளிலும் கால் ஏக்கரில் தொடங்குவது அறிவுடைமை என நாம் கூறுவது இதனாற்றான்.

இதே 6,000 வெள்ளியை ஆலோங்கிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 600 வெள்ளி. ஓராண்டில் 7,200 வெள்ளி கட்டிய பின்பும் முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர்கூட, அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வாங்கலாகாது என்பதே சட்டம். விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடனை மகளின் திருமணத்திற்கோ புதிய மோட்டார் சைக்கிளுக்கோ செலவிட்டுவிட்டு, பின்பு உரத்திற்காக ஆலோங்கை நாடிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. கடன் எதற்கு வாங்கப்பட்டதோ அதற்கே செல்லவேண்டும்.

சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்

அமெரிக்காவில் புதிய விவசாயிகளுக்கு நிலம் வாங்க அரசாங்கம் நேரடிக் கடன் தருகிறது. ஆனால் பண்ணையை நடத்திய அனுபவத்தை விண்ணப்பதாரர் காட்டவேண்டும். எந்நாட்டிலும் கடன் தருவோர் காண விரும்புவது இதுவே: இவருக்குத் தொழில் தெரியுமா?

நமக்குத் தொழில் தெரியும், எழுத்தில்தான் இல்லை. ஆகவே இன்றே ஒரு பள்ளிக் கணக்குப் புத்தகத்தை வாங்குங்கள். விதைத்த நாள், செலவு, பறித்த கிலோ, விற்ற விலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால், அதிகாரியின் முன் நம் பேச்சுக்கு வலிமை சேரும். வட்டாரப் பெலாடாங் எனப்படும் விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். விவசாய இலாகாவின் பயிற்சிகளில் கலந்துகொண்டு நற்சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். விளைபொருளை எங்கு விற்கப்போகிறீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் கூறவேண்டும். 1965இல் அமைந்த ஃபாமா 1985 முதல் நடத்திவரும் பாசார் தானி சந்தைகளில் விவசாயி நேராகவே விற்கலாம்.

பழைய கடன் நிலுவையும் தடையாகக்கூடும். மோட்டார் சைக்கிள் தவணையில் பாக்கி வைத்திருந்தால், அது மத்திய வங்கியின் கடன் விவரப் பதிவில் தெரிய வரும். அப்பதிவை நாமே கட்டணமின்றிக் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பிக்குமுன் பார்த்து, நிலுவையைச் சரிசெய்துகொள்வது நன்று.

கூடி நின்ற வரலாறு

பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் சம்பந்தன் பெயர் தாங்கியது. 1950களில் அந்நியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் இழந்தனர், வீடும் இழந்தனர். அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளர் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து பங்குப் பணத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தினர். மறு ஆண்டே அச்சங்கம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

தனியொருவரால் ஓர் ஏக்கரைக்கூட வாங்க இயலாத காலத்தில், கூடி நின்றவர்கள் ஒரு தோட்டத்தையே வாங்கினர். கடன் நாடும் நாமும் இதனை மனத்திற் கொள்ளலாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் ஒப்பந்தச் செலவும், வடிகால் செலவும், சந்தைக்குச் செல்லும் வண்டிச் செலவும் பகிர்ந்துகொள்ளப்படும். ஆனால் யார் பங்கு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உறவினரேயாயினும் எழுத்து வேண்டும்.

பாரம் எழுதுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

இக்கட்டுரையை வீட்டிலுள்ளோருடன் சேர்ந்து படித்து, கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. நிலத்திற்கு என்ன எழுத்துச் சான்று உண்டு? அது எந்தத் தேதியில் முடிகிறது?
2. முதல் அறுவடை எந்த மாதம்? அதுவரை எத்தனை தவணை கட்டவேண்டும்?
3. அத்தவணைகளுக்கான பணம் எங்கிருந்து வரும்?
4. ஒரு பயிர் வெள்ளத்திலோ நோயிலோ அழிந்தால், அடுத்த விதைப்புக்குக் கையில் என்ன மிச்சம்?
5. விளைந்ததை வாங்குவோர் யார்?

ஐந்துக்கும் விடை கிடைத்தவர்கள் நம்பிக்கையோடு அலுவலகப் படியேறலாம். மூன்றுக்கே விடை கிடைத்தவர்கள் மற்ற இரண்டையும் முதலில் தேடட்டும். அதற்குள் கால் ஏக்கரில் ஒரு வெண்டைப் பயிரை எடுத்துவிடலாம். அதன் வரவு செலவே நாளைய விண்ணப்பத்திற்கு முதற் சான்றாகும்.